ஐசி மேல் போட்ட கோடு அழியுமா? பிடிஎஃப்பை அனுப்புமுன் படியவைப்பது எப்படி

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த மலேசிய டவுன்களில் ஐசி, அதாவது அடையாள அட்டையின், பிரதி கேட்காத இடம் கிடையாது. தோட்ட ஆபீசில் கிராணி கேட்பார், தமிழ்ப்பள்ளியில் கேட்பார்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு வேண்டும், உபகாரச் சம்பள பாரத்துக்கு வேண்டும். கொடுக்குமுன் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'உந்தோக் துஜுவான் பெர்மொஹோனான் பியாசிஸ்வா சஹாஜா' (உபகாரச் சம்பள மனுவுக்கு மட்டும்) என்று மலாயில் எழுதிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பேனாவால் போட்ட வரைக்கும் அது நல்ல காவல்.

இப்போது அதே கோட்டைக் கைப்பேசியில், பிடிஎஃப் மேல் விரலால் இழுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். பார்க்க இரண்டும் ஒன்றுதான். வாங்கியவர் அந்தக் கோட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, குப்பைத் தொட்டிப் படத்தைத் தட்டினால் போதும். கோடு போய்விடும். கோடில்லாத சுத்தமான ஐசி பிரதி அவர் கையில் இருக்கும்.

பொடிக்கோலத்துக்கும் பெயிண்ட் கோலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பிடிஎஃப் மேல் நாம் போடும் கோடு, மஞ்சள் பூச்சு, ஒட்டும் சீட்டு, முத்திரை, கையெழுத்துப் படம், பாரத்தின் கட்டங்களில் தட்டிய எழுத்து எல்லாமே பொடிக்கோலம். அதைப் பக்கத்தோடு பக்கமாகப் படியவைப்பதைத்தான் ஃபிளாட்டன் செய்வது என்கிறார்கள்.

கோப்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் தொல்லைகள் தானாகவே விளங்கும். பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பங்கு உண்டு. ஒன்று பக்கத்தின் உள்ளடக்கம்: எழுத்து, படம், கோடு. மற்றது குறிப்புகளின், அதாவது நாம் மேலே போட்ட கோடு, முத்திரை போன்றவற்றின், பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு குறிப்பும் தனி ஆள். அது எந்த வகை, பக்கத்தில் எந்த இடம், போட்டவர் பெயர் என்ன, எந்தத் தேதி, அச்சில் வர வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் 'நான் இப்படித்தான் தெரிய வேண்டும்' என்று ஒரு சிறு படமும் கூடவே இருக்கும். படியவைக்கும்போது அந்தச் சிறு படம் பக்கத்தின் உள்ளடக்கத்தில் சேர்கிறது, பட்டியலில் இருந்த ஆள் நீக்கப்படுகிறார். வேலை அவ்வளவுதான்.

அந்தச் சிறு படம் சில கோப்புகளில் இருக்காது. அப்போது திறக்கும் செயலி ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வரைந்து காட்டும். உங்கள் கைப்பேசியில் சிவப்பாகத் தெரிந்த வட்டம் அடுத்தவர் கைப்பேசியில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொரு வினையும் உண்டு. 'அச்சில் வரலாம்' என்ற அடையாளம் குறிப்பில் இல்லையென்றால் திரையில் பளிச்சென்று தெரியும், தாளில் வராது. போட்டோஸ்டேட் கடையில் இருபது பக்கம் எடுத்த பிறகு கையெழுத்து மட்டும் விழவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. அவர் மேல் தப்பு இருக்காது.

கைப்பேசியில்

இங்கே முக்கால்வாசிப் பேர் கணினியைத் தொடுவதே இல்லை என்பதால் கைப்பேசியில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆண்ட்ராய்டில் நேரான வழி, குறிப்பு போடும் செயலியிலேயே படியவைக்கும் வசதி இருப்பது. சோடோ என்ற பிடிஎஃப் செயலியில் பிரதி எடுத்துச் சேமிக்கும் பட்டியலுக்குள் 'ஃபிளாட்டன்ட் காப்பி' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் மூலக் கோப்பு அப்படியே இருக்க, படியவைத்த பிரதி தனியாக வரும். அனுப்ப வேண்டியது அந்தப் பிரதியை. இரண்டும் ஒரே ஃபோல்டரில், ஒரே மாதிரிப் பெயரோடு உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் மூலத்தை அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் கூத்து.

'பிரிண்ட் போட்டு, பிரிண்டருக்குப் பதிலாக சேவ் அஸ் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடு' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஆண்ட்ராய்டில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அங்கே அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைத் தயாரித்துக் கொடுப்பது செயலியின் பொறுப்பு. சில செயலிகள் பக்கத்தைப் புதிதாக வரைந்து கொடுக்கும், அதில் குறிப்பு படிந்துவிடும். சில செயலிகள் கையில் இருக்கும் மூலக் கோப்பையே எடுத்து நீட்டிவிடும். அப்போது சேமித்து வருவது பழைய கோப்பின் மறுபிரதி, குறிப்பும் பழையபடி அழியக்கூடியதாகவே இருக்கும். அதனால் இந்த வழியில் போனால் முடிவைச் சோதிக்காமல் அனுப்ப வேண்டாம். எப்படிச் சோதிப்பது என்பது கடைசியில் வருகிறது.

ஐபோனில் பகிரும் பட்டியலில் பிரிண்ட்டைத் தொடுங்கள். அச்சுக்கு முன் தெரியும் பக்கத்தின் சிறுபடத்தை இரண்டு விரலால் விரித்தால் அது தனிக் கோப்பாகத் திறக்கும், அங்கிருந்து பகிரலாம். ஐபோன் பேனாக்களில் ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். கறுப்பு ஹைலைட்டர் முழுக் கறுப்பு கிடையாது. இரண்டு மூன்று தடவை பூசினால் மறைந்தது போலத் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் அடியில் உள்ள எண் மங்கலாக எழுந்து வரும். மறைக்க வேண்டியதை உள்ளே நிறம் நிரப்பிய செவ்வகத்தால் மறையுங்கள். அது மட்டும் போதாது, ஏன் என்பது பின்னால் வருகிறது.

ஐசிக்கு மட்டும் என் யோசனை வேறு. அதை பிடிஎஃப்பாகவே அனுப்ப வேண்டிய கட்டாயம் பல நேரம் இல்லை. ஐசியை வெள்ளைத் தாளில் போட்டோஸ்டேட் எடுத்து, பேனாவால் கோடு போட்டு, எழுதி, பிறகு படம் பிடியுங்கள். கோடு எண்ணின் மேலும் முகத்தின் மேலும் ஓட வேண்டும், ஓரமாகப் போட்ட கோட்டை யாரும் வெட்டிவிடலாம். இருபது காசு செலவில் முடிகிற காரியத்துக்குச் செயலியைத் தேடுவானேன்?

கணினியில்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' கூடவே வருகிறது. அடோப் ரீடரில் கோப்பைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டராக அதைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஜன்னலில் 'கமெண்ட்ஸ் அண்ட் ஃபார்ம்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 'டாக்குமென்ட் அண்ட் மார்க்கப்ஸ்' இருக்க வேண்டும். வெறும் 'டாக்குமென்ட்' என்று இருந்தால் நீங்கள் போட்ட கோடு, முத்திரை எதுவும் வராது, சுத்தமான மூலம்தான் வரும். ஐசி விஷயத்தில் இது நாம் தடுக்க நினைத்ததற்கு நேர் எதிர்.

அடுத்து பக்க அளவு. 'ஃபிட்' என்று இருந்தால் ஓரத்தில் வெள்ளை இடம் விட்டு பக்கம் கொஞ்சம் சுருங்கும். கடிதத்துக்கு இது பெரிய விஷயமில்லை. வரைபடத்துக்கு உயிர் போகிற விஷயம். தோட்டத்தின் பிளாக் வரைபடத்தில் வடிகால் எங்கே வெட்ட வேண்டும் என்று சிவப்புக் கோடு போட்டுக் குத்தகைக்காரருக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அளவுகோல் 1:5000 என்றால் தாளில் 1 செண்டிமீட்டர் தரையில் 50 மீட்டர். 20 செண்டிமீட்டர் நீளக் கோடு தரையில் 1 கிலோமீட்டர். பக்கம் 3 விழுக்காடு சுருங்கினால் அந்தக் கோடு 19.4 செண்டிமீட்டராக அச்சாகும். அளவுகோலை வைத்துப் பார்க்கிறவர் 970 மீட்டர் என்று படிப்பார். 9 மீட்டர் இடைவெளியில் நட்ட செம்பனையில் 30 மீட்டர் என்பது மூன்று மரத்துக்கு மேல். ஆகவே 'எக்சுவல் சைஸ்' வையுங்கள், தாளின் அளவையும் மூலத்தில் உள்ளபடியே வையுங்கள். ஏ3 வரைபடத்தை ஏ4இல் அடைத்தால் எல்லாமே 71 விழுக்காடாகச் சுருங்கிவிடும். தாள் அளவு 'லெட்டர்' என்று இருந்தாலும் மாற்றுங்கள். அது அமெரிக்கத் தாள், நம் ஊரில் புழங்குவது ஏ4.

அச்சு வழியில் போனால் சில நட்டங்கள் உண்டு. இணைப்புகள் செத்துப்போகும், பக்கவாட்டில் உள்ள அத்தியாயப் பட்டியல் போய்விடும், பார்வையற்றோரின் திரைவாசிப்பான் நம்பியிருக்கும் உள்ளமைப்பும் போய்விடும். நாற்பது பக்க ஆண்டறிக்கைக்கு இது பெரிய இழப்பு, ஒரு பக்க பாரத்துக்கு ஒன்றுமே இல்லை.

அந்த நட்டம் வேண்டாம் என்றால் காசு கொடுத்து வாங்கும் அக்ரோபேட் புரோவில் 'பிரீஃபிளைட்' கருவிக்குள் போய், திருத்தங்களின் பட்டியலில் 'ஃபிளாட்டன் அனோடேஷன்ஸ் அண்ட் ஃபார்ம் ஃபீல்ட்ஸ்' என்பதை ஓட்டுங்கள். அதே மென்பொருளில் 'ஃபிளாட்டனர் பிரிவியூ' என்று ஒன்றும் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஒளி ஊடுருவும் படங்களை அச்சகத்துக்காகத் தயார்படுத்துவது, நம் குறிப்புகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுக்குகளைச் சேர்க்கும் கட்டளையும் வேறு வேலைக்கானது.

கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்களுக்கு க்யூபிடிஎஃப் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது, நூறு கோப்பை ஒரே மூச்சில் முடித்துவிடும். ஃபிளாட்டன் அனோடேஷன்ஸ் என்ற அதன் தெரிவுக்கு மூன்று மதிப்புகள் உண்டு: எல்லாமும், அச்சில் வருபவை மட்டும், திரையில் வருபவை மட்டும். மேலே சொன்ன அச்சு அடையாளம் இங்கேதான் கடிக்கும். ஐசி கோடு போன்றவற்றுக்கு 'எல்லாமும்' கொடுங்கள். பிடிஎஃப்டிகே என்ற பழைய கருவியின் ஃபிளாட்டன் கட்டளையை நம்பி இறங்க வேண்டாம். அது பாரத்தின் கட்டங்களை மட்டும் படியவைக்கும், கோட்டையும் முத்திரையையும் தொடாது.

தோட்ட ஆபீசுகளுக்கு இந்த மொத்த வேலை பிப்ரவரியில் வரும். ஊழியருக்குத் தர வேண்டிய ஈஏ பாரத்தை, அதாவது ஆண்டுச் சம்பள விவரப் பாரத்தை, மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். கட்டம் கட்டமாகத் தட்டிய பாரத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வாங்கியவர் சம்பளக் கட்டத்தைத் தொட்டு வேறு எண் தட்டலாம். கடனுக்கு மனுப் போடும் இடத்தில் அந்த எண்தான் பேசும். படியவைத்து அனுப்பினால் அவ்வளவு சுலபத்தில் முடியாது. அவ்வளவு சுலபத்தில் முடியாது என்றுதான் சொல்கிறேன். சரியான மென்பொருள் வைத்திருப்பவர் படியவைத்த எழுத்தையும் மாற்றுவார். ஆபீசில் மூலப் பிரதி இருப்பதுதான் கடைசிப் பாதுகாப்பு.

சில அலுவலக பாரங்கள் உலாவியில் திறக்கும்போது 'காத்திருங்கள்' என்ற ஆங்கில வாசகத்தோடு ஒரே ஒரு பக்கமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் பாரம், 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். கணினியில் அடோப் ரீடரில் திறந்து நிரப்பி, அச்சு வழியாகப் படியவைத்தால் எல்லாச் செயலியிலும் திறக்கும். மற்றக் கருவிகள் இந்த வகையில் பெரும்பாலும் அந்தக் காத்திருக்கும் பக்கத்தைத்தான் படியவைத்துக் கொடுக்கும்.

தமிழில் எழுதியிருந்தால்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதனால் மற்ற வழிகாட்டிகளில் இது இருக்காது.

பாரத்தின் கட்டத்தில் நீங்கள் தட்டும் எழுத்து இரண்டு இடத்தில் சேமிக்கப்படுகிறது. மதிப்பு ஓரிடத்தில், அது தெரிய வேண்டிய சிறு படம் வேறிடத்தில். மதிப்பு யூனிகோடில் சரியாகவே இருக்கும். சிறு படம் பாரத்தில் குறித்த எழுத்துருவால் வரையப்படும், அது பெரும்பாலும் ஹெல்வெட்டிக்கா. ஹெல்வெட்டிக்காவில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. திரையில் செயலி தன் கைவசம் இருக்கும் நிர்மலா, லதா, இணைமதி போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்துச் சமாளித்துக் காட்டும். 'ஆகா, நன்றாக வருகிறதே' என்று படியவைத்தால், படியவைக்கும் கருவி சிறு படத்தைப் புதிதாக வரையும்போது பெயர் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்களோ கேள்விக்குறிகளோ விழும். சில வேளை ஒன்றுமே விழாது. மதிப்பும் அதோடு போய்விடுவதால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. க்யூபிடிஎஃப்பில் சிறு படத்தை உண்டாக்கும் தெரிவு ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது எளிய லத்தீன் எழுத்துக்கு மட்டும் ஒத்துவரும், தமிழுக்கு உதவாது.

எழுத்துரு கிடைத்தாலும் அடுத்த கண்டம் காத்திருக்கும். 'பெரியசாமி' என்பதில் ப முதலில் சேமிக்கப்படும், ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால். வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றம் தெரியாத கருவி, சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடும். கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு அந்தரத்தில் தொங்கும். 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன் போன்றவர்களின் பல ஆண்டு உழைப்பால் கைப்பேசியிலும் கணினியிலும் தமிழ் ஒழுங்காக வருகிறது. பிடிஎஃப் கருவிகள் பலவற்றுக்கு அந்த ஒழுங்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

தப்பிக்க மூன்று வழி உண்டு. முதலாவது, தமிழ் சரியாகத் தெரிகிற செயலியிலிருந்தே அச்சு வழியாகப் போவது. அப்போது திரையில் வரைந்ததே தாளுக்கும் போகும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது, தமிழ் வரிகளை வேர்டில் தட்டி, பிடிஎஃப்பாகச் சேமித்து, அடோப் ரீடரில் சொந்த முத்திரையாகச் சேர்த்துப் பக்கத்தில் வைப்பது. ஆலய நிர்வாகத்தின் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' முத்திரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் 'வரவு வைக்கப்பட்டது' முத்திரை போல அடிக்கடி வேண்டியவற்றுக்கு இது நல்ல வழி, ஒரு தடவை செய்தால் என்றைக்கும் பயன்படும். மூன்றாவது, பேனா வசதியால் கையாலேயே எழுதுவது. பேனாக் கோட்டுக்கு எழுத்துருவே தேவையில்லை, எங்கும் மாறாது. கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

அச்சு வழியில் வந்த தமிழ் பிடிஎஃப்பில் தேடல் பெரும்பாலும் வேலை செய்யாது. 'கோயில்' என்று தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் கலைந்து விழும். கூட்டக் குறிப்புகளைப் பல வருடம் வைத்திருக்க வேண்டிய சங்கங்கள் தேடுவதற்கு மூலக் கோப்பையும், வெளியே கொடுப்பதற்குப் படியவைத்ததையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

கறுப்புப் பெட்டி மறைக்காது

படியவைத்தால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பதில்தான் பெரிய ஆபத்து. ஐசி எண்ணின் மேல் கறுப்புச் செவ்வகம் வைத்துப் படியவைத்தால், செவ்வகம் அழியாது என்பது மட்டும் உறுதி. அடியில் இருக்கும் எண் அப்படியே இருக்கும். தரையில் உள்ள ஓட்டையின் மேல் பாய் விரித்த கதைதான். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் எண் வந்து நிற்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் நடந்தது இதுதான். கறுப்பு மை பூசிய வரிகளைப் பத்திரிகையாளர்கள் நகலெடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள்.

ஐசி எண்ணில் பாதியை மறைத்தால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். முதல் எட்டை வெளியே விட்டால் பிறந்த நாளும் மாநிலமும் வெளியே போய்விடும். கடைசி நான்கை மட்டும் மறைப்பது பாதி மறைப்பு.

கேமராவால் ஸ்கேன் செய்த கோப்பு வெறும் படம்தானே, அதில் என்ன எழுத்து இருக்கப்போகிறது என்பதும் தப்பு. அடோப் ஸ்கேன் போன்ற செயலிகள் படத்தில் உள்ள எழுத்தைத் தாமே படித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்காகப் படத்தோடு சேர்த்துவிடும். மேலே கறுப்புப் பெட்டி வைத்தாலும் அந்த அடுக்கு அங்கேயே இருக்கும். பக்கத்தை வெட்டிச் சுருக்குவதும் அப்படியே. பல செயலிகள் வெட்டிய பகுதியை மறைத்து வைக்குமே தவிர எறியாது.

மறைக்க வேண்டியது இருந்தால் பக்கம் முழுவதையும் படமாக மாற்றுங்கள். அடோப் ரீடரின் பிரிண்ட் ஜன்னலில் 'அட்வான்ஸ்ட்' பொத்தானுக்குள் 'பிரிண்ட் அஸ் இமேஜ்' என்ற தெரிவு இருக்கிறது. அதை வைத்து மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்புக்கு அனுப்பினால் எழுத்து, கோடு, கறுப்புப் பெட்டி எல்லாம் ஒரே புள்ளிக் கூட்டமாகிவிடும். பெட்டி முழுக் கறுப்பாக இருந்திருந்தால் அடியில் எதுவும் மிஞ்சாது. ஐசி கோட்டுக்கும் இதுவே உறுதியான வழி, தனிக் கோடாகப் பிரித்தெடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

படமாக மாற்றுவதன் விலை கோப்பின் கனம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதுதான் டிபிஐ. ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளி, 150 டிபிஐயில் 1240க்கு 1754. டிபிஐயைப் பாதியாக்கினால் புள்ளிகள் கால்வாசியாகும். இணையத்தில் பதிவேற்றும் பாரங்களுக்கு அளவு வரம்பு இருந்தால் 150க்கு இறங்குங்கள், படிக்க முடியும். சிறு எழுத்தும் முத்திரையும் நிறைந்த பக்கத்துக்கு 200 வையுங்கள். வரைபடத்துக்கு 300க்குக் கீழே போக வேண்டாம்.

இலவசமாகப் படியவைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இணையத்தளங்களில் ஐசி, சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை எதையும் ஏற்றாதீர்கள். யாரிடமிருந்து மறைக்கப் பார்க்கிறோமோ, அவரைவிட அறியாத ஒருவரிடம் முழுப் பிரதியைக் கொடுப்பது என்ன கணக்கு?

காணாமல் போகிறவை

ஒட்டும் சீட்டுக் குறிப்பைப் படியவைத்தால் மஞ்சள் சின்னம் மட்டும் பக்கத்தில் விழும். அதைத் தொட்டால் திறக்கும் வாசகம் எங்கேயும் விழாது. கணக்காய்வாளர் பன்னிரண்டு சீட்டு ஒட்டி அனுப்பியதைப் படியவைத்தால் பன்னிரண்டு மஞ்சள் புள்ளிதான் மிஞ்சும். முதலில் அடோப்பில் கருத்துச் சுருக்கம் எடுக்கும் வசதியால் வாசகங்களைத் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூகல் டிரைவில் போட்ட கருத்துகளின் கதை இன்னும் மோசம். அவை பிடிஎஃப்புக்குள்ளேயே இல்லை, கூகலின் கணக்கில் இருக்கின்றன. கோப்பைப் பதிவிறக்கினால் கூடவே வராது, படியவைக்கவும் அங்கே ஒன்றும் இருக்காது.

மஞ்சள் பூச்சு சில கருவிகளில் எழுத்தை விழுங்கிவிடும். பூச்சு எழுத்தோடு நிறம் கலந்து தெரிய வேண்டும் என்று கோப்பில் எழுதியிருக்கும். அந்தக் கலப்பைப் புரிந்துகொள்ளாத கருவி சுவரில் சாயம் அடிப்பது போல மேலே பூசிவிடும், வரி காணாது. ஸ்கேன் செய்து திருப்பி வைத்த பக்கங்களில் குறிப்பு மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து படிவதும் உண்டு. முதலில் பக்கத்தை நிமிர்த்தி, சேமித்து, பிறகு குறிப்பு போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கையெழுத்தில் இரண்டு வகை. விரலால் வரைந்தது அல்லது படமாக ஒட்டியது முதல் வகை. இதைக் கட்டாயம் படியவையுங்கள், இல்லையென்றால் யாரும் தொட்டு நகலெடுத்து வேறு கடிதத்தில் ஒட்டிக்கொள்ளலாம். மற்றது 1997ஆம் ஆண்டின் டிஜிட்டல் கையொப்பச் சட்டம் பேசும் சான்றிதழ்க் கையொப்பம். அது போட்ட பிறகு கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரிபார்ப்பு முறிந்துவிடும். படியவைத்தால் கையொப்பத்தின் படம் மிஞ்சும், உயிர் போய்விடும். வரிசை இதுதான்: குறிப்பு எல்லாம் போட்டு முடியுங்கள், படியவையுங்கள், கடைசியில் சான்றிதழ்க் கையொப்பம் போடுங்கள். வேறு யாரோ ஏற்கெனவே போட்டு அனுப்பியிருந்தால் அந்தக் கோப்பைத் தொடாமல் அப்படியே முன்னனுப்புங்கள்.

சேமிக்கும்போதும் ஒரு பொறி உண்டு. பிடிஎஃப் செயலிகள் பல, சாதாரண 'சேவ்' கொடுத்தால் கோப்பைப் புதிதாக எழுதாது. மாற்றத்தை மட்டும் வால் பக்கத்தில் ஒட்டிவைக்கும். பழைய வடிவம் முழுவதும் உள்ளேயே இருக்கும், தெரிந்தவர் வாலை வெட்டிவிட்டு கோடில்லாத பழைய பக்கத்தைப் பார்த்துவிடலாம். ஆகவே படியவைத்ததும் 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். பல செயலிகள் அப்போதுதான் கோப்பை முழுதாகப் புதிதாக எழுதும். அச்சு வழியில் வந்த கோப்பு எப்படியும் புதிது, அதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

இனி சோதனை. குரோமில் திறந்து பார்த்து 'கோடு இருக்கிறது' என்று திருப்திப்படாதீர்கள். வெறுமனே பார்க்கும்போது படிந்ததும் படியாததும் அதில் ஒரே மாதிரிதான் தெரியும். குறிப்பைத் திருத்தத் தெரிந்த செயலியில், அதாவது அடோப் ரீடரிலோ சோடோவிலோ திறந்து, கோட்டின் மேல் தட்டுங்கள். சுற்றிப் புள்ளிப் பெட்டி வந்தால் இன்னும் படியவில்லை. கருத்துகளின் பட்டியலைத் திறங்கள், காலியாக இருக்க வேண்டும். பாரத்தின் கட்டத்தில் விரல் வையுங்கள், விசைப்பலகை எழக் கூடாது. மறைத்தது ஏதாவது இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் இருந்தால் ஒவ்வொரு பெயரையும் பெரிதாக்கி, கொம்பும் புள்ளியும் இருக்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, கோப்பை முதலில் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, முடிந்தால் வேறொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

மூலக் கோப்பின் பெயர் கடைசியில் 'மூலம்' என்றும், அனுப்பும் பிரதியில் தேதியும் யாருக்கு என்பதும் இருக்கட்டும். படியவைத்ததைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. அடுத்த வருடம் அதே பாரத்தில் முகவரியை மட்டும் மாற்ற வேண்டி வரும்போது மூலத்தைத்தான் தேடுவீர்கள்.